எழுதிய கண்ணும் எழுந்த உணர்வும்: அசைவூட்டப் படங்களில் விலங்குகளின் விழி வரலாறு

உள்ளத்தே நிகழும் உணர்வு உடம்பின்கண் வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலை மெய்ப்பாடு என்றனர் தமிழ் இலக்கணநூலார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியர் அவற்றை எட்டாக வகுத்தார். இவ்வெட்டும் தோன்றுவதற்கு உள்ளம் ஒன்று முன்னே இருத்தல் வேண்டும். அவ்வுள்ளம் உடம்பை அசைத்தல் வேண்டும். இயற்கையின் முறை இதுவே.

இம்முறையைத் தலைகீழாகக் கொண்ட கலையொன்று இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டப் படக்கலையே அது. தாளில் மையால் எழுதப்பெற்ற யானைக்கு உள்ளம் இல்லை. களிமண்ணால் பிசைந்த நாய்க்கு நெஞ்சம் இல்லை. அவற்றுக்கு உள்ளவை கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே. ஆயினும் திரையில் அந்த யானைக்கன்று கலங்கும்போது அரங்கில் அமர்ந்திருப்போர் கலங்குகின்றனர். மெய் மட்டுமே இருக்க, உள்ளம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்குக் கலைஞர்கள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடிய இடம் கண். அத்தேட்டத்தின் வரலாறு, பெரிய கண் பேருணர்வைத் தரும் என்ற எளிய நம்பிக்கையில் தொடங்கி, அந்நம்பிக்கையைத் தானே மறுத்துக்கொண்ட வரலாறாகும்.

கெர்ட்டியின் கண்ணீர்

அமெரிக்க நாளிதழ் ஓவியரான வின்சர் மக்கே, 1914இல் 'கெர்ட்டி' என்னும் டைனோசரை மேடைக்குக் கொண்டுவந்தார். திரையில் அவ்விலங்கு அசையும். மேடையில் மக்கே கையில் சாட்டையுடன் நின்று அதற்கு ஆணையிடுவார். ஆயிரக்கணக்கான தாள்களில் அவர் எழுதிய அந்த விலங்கு, சொன்னதைக் கேட்கும். சிலபோது கேளாது அடம் பிடிக்கும். அவர் கடிந்துரைத்ததும் குழந்தைபோல அழும்.

கெர்ட்டியின் கண் சிறியது. மலைபோன்ற உடலுக்கு அது ஒரு புள்ளியளவே. அவ்விழியில் உணர்வை நுணுக்கமாகக் காட்ட இடமில்லை. எனவே மக்கே கண்ணீரை நாடினார். கண்ணின் அசைவைவிடக் கண்ணின் விளைவை அவர் காட்டினார் எனலாம். கடிந்துரை முன்னே நிகழ்ந்தது. துளி பின்னே உதிர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையே நின்ற வருத்தத்தை எழுதியவர் மக்கே அல்லர். பார்த்தவரே அதை நிரப்பிக்கொண்டனர். இக்கலையின் பின்னை வரலாறு முழுவதற்கும் வித்து இங்கேயே விழுந்துவிட்டது. ஆனால் அதனை உணர்ந்துகொள்ளக் கலைஞர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

கரிய உடலும் வெள்ளை விழியும்

1919இல் தோன்றிய ஃபீலிக்ஸ் என்னும் பூனை, மௌனப் படக் காலத்தின் பெரும்புகழ் பெற்ற கார்ட்டூன் விலங்கு. பாட் சல்லிவனின் படக்கூடத்தில் அதனை இயக்கியவர் ஆட்டோ மெஸ்மர். சாப்ளினின் அசைவுகளைக் கூர்ந்து கற்றவர் அவர். ஃபீலிக்ஸின் உடல் முழுக் கருமை. கருப்பு வெள்ளைப் படத்தில் கரிய உருவம் பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். உள்ளே நுண்கோடுகள் இடவேண்டிய வேலையும் இல்லை. அக்கருமையின் நடுவே இரண்டு பெரிய வெள்ளை விழிகள் ஒளிர்ந்தன. சிந்தனை வந்தால் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பது அப்பூனையின் வழக்கம். பேச்சில்லாத அப்படத்தில் கண்ணும் நடையுமே அதன் மொழி.

1928 நவம்பர் 18இல் 'ஸ்டீம்போட் வில்லி' வெளிவந்தது. அப் ஐவர்க்ஸ் வடித்த மிக்கி மவுஸ் உலகப் புகழ் எய்தியது. ஆனால் மிக்கியின் கண்ணில் ஒரு குறை இருந்தது. தொடக்கத்தில் பெரிய வெண்பரப்பும் அதனுள் கருமணியும் இருந்தன. விரைவிலேயே அக்கருமணியே முழுக்கண்ணாகக் கொள்ளப்பட்டு, வெண்பரப்பு முகத்தோடு கலந்துவிட்டது. எஞ்சியவை இரண்டு கரிய முட்டை வடிவங்கள். அவை அழகியவை, எழுதுவதற்கு எளியவை. ஆயின் அவை எங்கே நோக்குகின்றன என்பதை எவ்வாறு காட்டுவது? வெண்விழி இன்றேல் கருமணி ஒதுங்க இடமில்லை. எனவே மிக்கி ஒருபுறம் நோக்க வேண்டின் தலை முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தலும், பார்த்தும் பாராததுபோல் இருத்தலும் அவ்விழிகளுக்கு அரிதாயின.

இக்குறையின் பொருளை உயிரியல் பின்னாளில் விளக்கியது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர் இருவர், பல்வகைக் குரங்கினங்களின் கண்களை மனிதக் கண்ணோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வெளியே அகன்று தெரியும் தூய வெண்விழி மனிதனுக்குரிய தனித்தன்மை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஏனைய பலவற்றின் கண்ணோரம் கருமை படர்ந்து பார்வையின் திசையை மறைக்கிறது; மனிதக் கண்ணோ திசையை வெளிப்படுத்துகிறது. ஆகவே வெண்விழி பெற்ற எந்தக் கார்ட்டூன் விலங்கும் அந்த அளவில் மனிதனே.

பார்வையின் திசை எத்துணை இன்றியமையாதது என்பதை 1934இல் ஒரு நாய் காட்டிற்று. 'பிளேஃபுல் புளூட்டோ' என்னும் குறும்படத்தில், ஈயொட்டும் தாள் ஒன்று புளூட்டோவின்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒரு காலால் எடுத்தால் மறுகாலில் ஒட்டுகிறது. நார்ம் ஃபெர்குசன் எழுதிய அக்காட்சியில் நாய் நிற்கிறது, தாளைப் பார்க்கிறது, இமைக்கிறது, வேறு வழி ஒன்று தோன்ற மீண்டும் முயல்கிறது. கார்ட்டூன் விலங்கொன்று திரையில் சிந்தித்ததை முதன்முதலாகக் காட்டிய காட்சி எனக் கலைஞர்கள் இதனைப் போற்றுவர். சிந்தனை தெரிந்தது செயலில் அன்று. இரு செயல்களுக்கு இடைப்பட்ட பார்வையில்.

ஐந்தாண்டு கழித்து, 1939இல் வெளிவந்த 'தி பாயிண்டர்' படத்தில் மிக்கிக்கு வெண்விழியும் கருமணியும் மீண்டும் கிட்டின. ஃபிரெட் மூர் செய்த மாற்றம் அது. வேட்டைக்குச் சென்ற மிக்கி, கரடியின் முன் நின்று அஞ்சி அசடு வழியும் காட்சி, பழைய கரும்புள்ளிக் கண்களால் இயன்றிருக்காது.

பொம்மைக்குள் விழுந்த துளி

இதே காலத்தில் ஐரோப்பாவில் மற்றொருவர் வேறு வழியில் சென்றுகொண்டிருந்தார். லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை நடத்தியவர். வண்டுகளின் போரைப் படமெடுக்க முயன்றபோது, இரவில் இயங்கும் அவ்வுயிர்கள் விளக்கொளியில் செயலற்றுப் போயின. எனவே அவர் இறந்த வண்டுகளின் உடலில் கம்பி கோத்துச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார். 1912இல் அவர் எடுத்த 'கேமராக்காரனின் பழி' படத்தில் வண்டுகள் காதலிக்கின்றன, ஏமாற்றுகின்றன, பழிதீர்க்கின்றன. அவற்றின் கண்களில் இமையில்லை, புருவமில்லை, அசையும் மணியுமில்லை. உணர்வனைத்தையும் கால்களும் உணர்கொம்புகளுமே சுமந்தன.

பிரான்சில் குடியேறிய பின், 1933இல் அவர் எடுத்த 'ஃபெட்டிஷ்' படம் இக்கட்டுரைப் பொருளுக்கு நேரே உரியது. ஏழைத்தாய் ஒருத்தி பொம்மை தைத்துப் பிழைக்கிறாள். நோயுற்ற மகள் ஆரஞ்சுப் பழம் கேட்கிறாள்; வாங்கித் தர வழியில்லை. தாயின் கண்ணீர்த்துளி, தைத்துக்கொண்டிருக்கும் துணி நாய்க்குள் விழுகிறது. அத்துளியே நாயின் இதயமாகிறது. உயிர்பெற்ற நாய் ஆரஞ்சு தேடிப் புறப்படுகிறது.

உயிரற்ற உருவுக்கு உள்ளம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்கு இக்கலையே தன் வாயால் கூறிய விடையாக இதனைக் கொள்ளலாம். நாயின் கண் கலங்குவதற்கு முன்னர் மனிதக் கண் ஒன்று கலங்கியது.

யானைக் கன்றும் மான் கன்றும்

1941இல் வெளிவந்த 'டம்போ' படத்தில் யானைக்கன்று ஒரு சொல்லும் பேசுவதில்லை. அதனை எழுதியவர்களில் தலையாயவர் பில் டைட்லா. அதற்கு முந்தைய ஆண்டில் 'ஃபேண்டேசியா' படத்தின் மலையுச்சிப் பேயுருவை எழுதி அச்சுறுத்தியவரும் அவரே. டம்போவை எழுதுங்கால் அவர் யானைகளைவிடத் தம் சின்னஞ்சிறு மகனையே கூர்ந்து நோக்கினார். தாய் சிறைப்பட்ட வண்டியின் கம்பிகளுக்கு வெளியே துதிக்கை நீள்கிறது. கன்று அதனைத் தேடி அணைகிறது. அதன் நீலக் கண்களில் நீர் திரண்டு வழிகிறது. தாயின் தழுவல் கிட்டிய மகிழ்வும், அது நிலையாது என்னும் துயரும் ஒரே விழியில் ஒருங்கே நிற்கின்றன. உவகையும் அழுகையும் ஒரே நொடியில் கலந்து நிற்பதை அசைவூட்டக் கலை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் காட்டியதில்லை எனலாம். அப்படம் உருவான அதே 1941இல் படக்கூடத்தில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. டைட்லாவும் வேலைநிறுத்தம் செய்தோர் பக்கம் நின்றார். 1943இல் அங்கிருந்து விலகினார்.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'பாம்பி' வேறொரு இடரைச் சந்தித்தது. இப்படத்தில் விலங்கு விலங்காகவே இருத்தல் வேண்டும் என்பது கொள்கை. மேய்ன் மாநிலக் காட்டிலிருந்து இரண்டு மான் கன்றுகள் படக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஓவியர் ரிக்கோ லெப்ரன் எலும்பும் தசையும் அமைந்த வகையை வகுப்பெடுத்துக் கற்பித்தார். கற்கக் கற்க ஓர் உண்மை தெளிவாயிற்று. இரையாகும் விலங்கின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. நாற்புறமும் பகையை நோக்குவதற்கு ஆனவை. அவை எதிரே நிற்பவரை நேர்கொண்டு பார்ப்பதில்லை. நீண்ட மூக்குக்கு இருபுறம் விலகி நிற்கும் அக்கண்களில் அன்பை எவ்வாறு எழுதுவது?

விடை கண்டவர் மார்க் டேவிஸ். மனிதக் குழந்தைகளின் முகங்களைப் பயின்று, அவற்றின் பாவங்களை மான் கன்றின் முகத்துக்கு அவர் மாற்றினார். மூக்கு குறுகிற்று, நெற்றி அகன்றது, கண்கள் பெருத்து முன்னே வந்தன. உடல் மானாகவே இருக்க, பார்வை மட்டும் குழந்தையினதாயிற்று. இது கலையின் வெற்றி. அதே வேளையில் ஓர் இழப்புமாகும். மானின் கண் எதற்காக அமைந்ததோ அந்த அச்சக் கூர்மை, மனிதக் கனிவுக்கு இடங்கொடுத்து ஒதுங்கியது. இருப்பினும் படத்தின் மிகக் கொடிய நிகழ்ச்சியில் எந்தக் கண்ணும் காட்டப்படவில்லை என்பது நினைவுகொள்ளத்தக்கது. தாய்மான் சுடப்படுவது திரைக்கு வெளியே. வெடியோசை கேட்கிறது, பின்னர்ப் பனிபொழியும் காட்டில் கன்று தாயைத் தேடி அழைக்கிறது. அவ்வளவே.

கடல்கடந்த விழி

1951இல் 'பாம்பி' ஜப்பானில் திரையிடப்பட்டது. அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுள் மருத்துவம் பயின்ற இளம் சித்திரக்கதை ஓவியரான ஒசாமு தெசுகா ஒருவர். டிஸ்னியின் பெருவிழிகள் அவர் கையில் மேலும் பெருத்தன. 1963 சனவரி 1ஆம் நாள் அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சித் தொடராக வரத் தொடங்கியது. 1965இல் சிங்கக்குட்டி லியோவின் கதையான 'ஜங்கிள் எம்பரர்' வண்ணத்தில் வந்தது.

இங்கே கண் பெருத்ததற்குப் பொருளியல் காரணமும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. டிஸ்னி முறையில் அதற்கு 12 முதல் 24 படங்கள் வரைவர். வாரந்தோறும் தொலைக்காட்சிக்குப் படம் தரவேண்டிய தெசுகாவின் குழுவினரோ 8 படங்களோடும், சிலபோது அதனினும் குறைவாகவும் நிறுத்திக்கொண்டனர். உடல் அசையாது நிற்க, கண்ணும் வாயும் மட்டும் அசைந்தன. உடல் பேசாத இடத்தில் கண் இருமடங்கு பேச வேண்டியதாயிற்று. வறுமையில் பிறந்த வழக்கம் பின்னர் அழகாகவே நிலைபெற்றது.

இப்பெருவிழிக்குப் பின்னுள்ள உளவியலை அறிவியலாரும் ஆராய்ந்தனர். உயர்ந்த நெற்றி, பெரிய கண், உருண்ட கன்னம் ஆகிய குழந்தைக் கூறுகளைக் கண்டால் மனித உள்ளம் தானே நெகிழும் என 1943இல் கோன்ராட் லோரன்ஸ் எழுதினார். மிக்கியின் தலையும் கண்ணும் ஐம்பது ஆண்டுகளில் எவ்வாறு குழந்தைத் தன்மை நோக்கி வளர்ந்தன என்பதை 1979இல் ஸ்டீஃபன் ஜே கூல்ட் அளந்து காட்டினார். லோரன்ஸ் சுட்டிய மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. ஒட்டகம் செருக்குடன் நோக்குவதாக மக்கள் எண்ணுவது அதன் தலையமைப்பால்; கழுகு வீறுடன் நோக்குவதாக எண்ணுவது அதன் கண்மேல் நீண்ட எலும்பு வரம்பால். ஒட்டகத்திடம் செருக்கில்லை, கழுகிடம் வீறில்லை. அவற்றை ஏற்றிக் காண்பது மனிதனே.

நெகிழ்ச்சி இவ்வாறு தானே வருமாயின், பெரிய கண் எழுதுவது எளிதில் பொருளீட்டும் வணிகமாகவும் மாறும். அவ்வாறு மாறிய படங்களும் பொம்மைகளும் எண்ணற்றவை. எனவே நல்ல கலைஞர்கள் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினர். ஜப்பானிலேயே ஹயாவோ மியாசாகி 1984இல் எடுத்த 'நௌசிக்கா' படத்தில் 'ஓமு' எனும் மாபெரும் பூச்சியினம் வருகிறது. அதன் பல கண்களில் இமையுமில்லை, புருவமுமில்லை. அமைதியில் அவை நீலம், வெகுளியில் சிவப்பு. ஸ்டாரெவிச்சின் வண்டுகளுக்குக் கிட்டாத மெய்ப்பாடு இங்கே நிறமாற்றத்தால் மட்டுமே கைகூடிற்று.

கண்ணில்லா விளக்கும் வாயில்லா நாயும்

1986இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் கூடிய கணிப்பொறி வரைகலை மாநாட்டில் ஜான் லாசெட்டர் 'லக்சோ ஜூனியர்' என்னும் இரண்டு நிமிடப் படத்தைக் காட்டினார். அதில் வருபவை இரண்டு மேசை விளக்குகள்: பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சிறியது பந்தின்மேல் குதித்து விளையாடிப் பந்தை உடைத்துவிடுகிறது, தலை கவிழ்கிறது. படம் முடிந்ததும் துறை வல்லுநர் ஜிம் பிளின் வினாவுடன் அணுகினார். நிழல்களைக் கணித்த முறை பற்றிக் கேட்பார் என லாசெட்டர் எதிர்பார்த்தார். அவரோ பெரிய விளக்கு தாயா, தந்தையா என்று கேட்டார். அவ்விளக்குகளுக்குக் கண்ணே இல்லை. தலை சாயும் கோணமும் நிற்கும் இடைவெளியும் மட்டுமே இருந்தன.

மூன்றாண்டுக்குப் பின் இங்கிலாந்தில் நிக் பார்க் 'எ கிராண்ட் டே அவுட்' படத்தை முடித்தார். களிமண் நாய் குரோமிட்டுக்கு வாயும் குரலும் தருவதே அவர் முதல் எண்ணம். ஆனால் பணியில் இறங்கியதும், புருவத்தைச் சற்றே அசைத்தால் போதும் என்பது விளங்கிற்று. வாய் கைவிடப்பட்டது. தன் தலைவனின் பேதைமையைக் கண்டு அந்நாய் கொள்ளும் சலிப்பும், கவலையும், மாறாத அன்பும் களிமண் புருவத்தின் சிறு ஏற்ற இறக்கத்திலேயே விளங்கின. 1993இன் 'தி ராங் டிரவுசர்ஸ்' படத்தில் அதற்கு எதிரியாக வந்த பென்குவினுக்கோ புருவமும் இல்லை. இரண்டு கருமணிகள் மட்டுமே. உணர்வு காட்டாத அக்கண்களே அச்சத்தை விளைத்தன. புருவமுள்ள நாயும் புருவமற்ற பறவையும் எதிரெதிர் நிற்பதே அப்படத்தின் அறப்போர்.

இதற்கு உடலியல் துணையும் பின்னர்க் கிடைத்தது. உட்புருவத்தை உயர்த்தும் தசை நாய்களிடம் நன்கு அமைந்திருப்பதையும், ஓநாய்களிடம் அவ்வாறு அமையாததையும் 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் நாய் பெற்ற வரம் அது. நாயின் மொழி புருவத்தில் இருப்பதைக் கலைஞனின் விரல்கள் முப்பது ஆண்டு முன்னரே கண்டுகொண்டன.

2008இன் 'வால்-ஈ' படத்தில் ஒரு குப்பை அள்ளும் எந்திரம் காதல் கொள்கிறது. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் பேஸ்பால் ஆட்டம் காணச் சென்றபோது கையிலிருந்த இருகண் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்து மடக்கினார். அது வருந்துவதும் மகிழ்வதும்போல் தோன்றிற்று. அவ்வெந்திரத்தின் கண் அவ்வாறு பிறந்தது.

மெய்ம்மை போதுமா?

கணிப்பொறியின் ஆற்றல் வளர வளர மயிரிழையும் விழிநீரும் மெய்போலவே அமைந்தன. 2010இல் வந்த 'ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்' படத்தின் கரிய டிராகன், அஞ்சும்போதும் சினக்கும்போதும் கண்மணி கீற்றாய்ச் சுருங்கும். நம்பும்போது விரிந்து உருளும். ஆர்வமூட்டும் பொருளைக் கண்டால் மனிதரின் கண்மணி விரிவதை 1960இல் எக்கார்ட் ஹெஸ் ஆய்ந்து காட்டியிருந்தார். மெய்யான பூனையின் கண்மணியோ அச்சத்திலும் விரியும். படத்தின் இலக்கணம் இயற்கையின் நேர்ப்படி அன்று. இயற்கையிலிருந்து தெரிந்தெடுத்த வழக்கு.

இத்தெரிவைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2019இல் வந்த 'தி லயன் கிங்' சான்றாயிற்று. 1994இன் கோட்டோவியப் படத்தை ஒளிப்படம்போன்ற மெய்ம்மையுடன் மீண்டும் எடுத்தனர். சிங்கங்கள் மெய்யான சிங்கங்களாகவே நடந்தன. தந்தையை இழந்த குட்டியின் முகத்தில் துயரம் தெரியவில்லை என்பது திறனாய்வாளர் பலரின் குறை. குற்றம் சிங்கத்தினது அன்று. சிங்கத்தின் முகம் மனிதர் படிப்பதற்கென எழுதப்பட்டதன்று. அதை மனிதர் படிக்கும்படி எழுதுவதே கலை. அவ்வெழுத்தை நீக்கிவிட்டு உணர்வை மட்டும் எதிர்பார்த்தல் இயலாது.

முடிவுரை

டிஸ்னியின் மூத்த கலைஞர்களான ஃபிராங்க் தாமசும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தம் தொழிலின் நுட்பங்களை நூலாக்கினர். தலை திரும்புமுன் கண் திரும்புதலும், திரும்பும் இடையில் இமை மூடித் திறத்தலும் அத்தொழிலின் பழக்கங்கள். ஓர் இமைப்பு இடம் மாறினால் தெளிவு மயக்கமாகிவிடும். கண்ணின் பருமன் அன்று, கண்ணின் காலமே உணர்வைத் தீர்மானிக்கிறது.

கெர்ட்டியின் துளி முதல் குரோமிட்டின் புருவம் வரை தொடர்ந்து வரும் உண்மை ஒன்றே. கலைஞன் உணர்வை முழுவதும் எழுதிவிடுவதில்லை. அது வந்து தங்குவதற்கு ஓர் இடத்தை ஒழித்து வைக்கிறான். எல்லாவற்றையும் கண்ணே சொல்லிவிடும் படத்தில் பார்ப்பவர்க்குச் செய்ய ஒன்றுமில்லை. சற்றே சொல்லி நிறுத்திய கண்ணில் பார்ப்பவர் தம் நெஞ்சையே காண்கின்றனர். மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா, கண்ணாலும் செவியாலும் திண்ணிதின் உணரவல்ல மாந்தர்க்கு அல்லது மெய்ப்பாட்டின் பொருள் புலனாகாது என்று முடிகிறது. கோட்டுக்கும் களிமண்ணுக்கும் இவ்விதி இன்னும் ஒருபடி மிகையாகவே பொருந்தும். அங்கே உணர்பவர் இல்லையேல் உணர்வே இல்லை.

சொல்லும் அத்தகையதே. தாளில் கிடக்கும் எழுத்துக்கும் கண்ணில்லை, கண்ணீரில்லை. அழுதேன் என எழுதிய கவிதையினும், ஒரு துளி விழுந்த இடத்தைக் காட்டிய கவிதை நெடுநாள் வாழ்வதன் காரணம், துணி நாய்க்குள் விழுந்த அத்தாயின் கண்ணீரில் அடங்கியிருக்கிறது.